பாலியெஸ்டர் டிவி

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி பார்க்க மூன்று இடங்கள் உண்டு. டிவிக்கு நேரெதிரே, நட்ட நடுவில், ஒரு பிரம்பு நாற்காலி. அது என் மூத்தாருக்கு, அதாவது என் கணவருடைய அண்ணனுக்கு. அவர் குடியிருப்பது அடுத்த தெருவில் என்றாலும் சாயங்காலம் ஆனால் இங்கேதான் இருப்பார். அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, என் கணவருக்கு. அவர்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி தரையில் எங்கள் மகள், ஒரு கண் டிவியிலும் ஒரு கண் போனிலுமாக. நான்காவதாகவும் ஓர் இடம் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டிவி மாட்டியிருக்கும் சுவர் முடிந்து மூலை திரும்பியதும் சமையலறை வாசற்படி. அந்த வாசற்படியை ஒட்டி என் ராட்டை. நான் உட்காருவது அங்கே.

பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கும் வீட்டில் ராட்டையும் இருக்கும். புடவையின் குறுக்கே ஓடுகிற பட்டுநூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுத்தால்தான் அது நாடா என்கிற மரப் படகுக்குள் போகும், நாடா தறிக்குள் ஓடும். அப்படிச் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். எங்கள் வீட்டில் நெய்பவர் என் கணவர், தார் சுற்றுபவள் நான். கையால் சுற்றிய காலத்தில் ராட்டையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் இருக்கிற பக்கம் போய் உட்காரலாம். மோட்டார் ராட்டை வந்த பிறகு பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உட்கார முடியும். எங்கள் கூடத்தில் அது சமையலறை வாசற்படியை ஒட்டி இருக்கிறது. வீடு கட்டியபோது எந்த எலக்ட்ரீஷியன் அதை அங்கே வைத்தானோ, என் தலையெழுத்தை அவன்தான் எழுதினான்.

இதில் எனக்கென்ன வருத்தம் என்று கேட்கலாம். எனக்குக் கிரிக்கெட் பைத்தியம். பிறந்த வீட்டில் அண்ணன்களோடு உட்கார்ந்து பார்த்துப் பிடித்த பைத்தியம், கல்யாணம், பிள்ளை, மூட்டுவலி எதற்கும் தெளியவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு மேட்ச் என்றால் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தால் போதும். எனக்குப் பந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரிய வேண்டும்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது இருந்தது பின்னால் தொப்பை வைத்த டிவி. பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் குணம் நல்ல குணம். எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் முகம் முகமாகவும் புல் புல்லாகவும் தெரியும். அது போய்த் தட்டையான டிவி வந்ததும் என்னைச் சனி பிடித்தது. முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். என் மூலைக்கு மட்டும் மைதானம் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துத் தெரியும். வெள்ளைப் பந்து அந்த வெளுத்த புல்லில் விழுந்ததும் காணாமல் போய்விடும். ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்து, பந்து அங்கே போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

"அவுட்டாடி?" என்று மகளைக் கேட்பேன்.

"ரீப்ளே போடுவான், பாரும்மா" என்பாள்.

ரீப்ளேயிலும் எனக்கு அதே சாம்பல்தான். ஆகவே அந்தத் தட்டை டிவி கெட்டுப்போக ஆரம்பித்தபோது வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்.

முதலில் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. வேறு வீடாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் மூத்தார் எழுந்து போய், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டை நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"பாவுல ஒரு இழை போயிருக்குது, அவ்ளோதான்" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்.

"ஒரு இழைதானே அண்ணே. மீதி நல்லாத்தானே இருக்குது" என்றார் என் கணவர்.

இரண்டு பேரும் நிம்மதியாகப் படம் பார்த்தார்கள். அப்புறம் பக்கத்தில் இன்னொரு கோடு வந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கோடுகள் சேர்ந்து ஒரு பட்டையானபோது, "கரை கட்டிக்கினு இருக்குதுடா" என்று மூத்தார் ரசித்தார். அந்தக் கரை உள்ளே ஏறி, ஒரு பழைய படத்தில் கதாநாயகியின் முகத்தை மறைத்த அன்றுதான் புது டிவி வாங்குவது என்று முடிவாயிற்று. கதாநாயகிக்கு என் நன்றி.

வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே வாங்கிவிடலாம் என்றார் கணவர். நான் என் ஒரே கோரிக்கையை அப்போதே எல்லோர் முன்னிலையிலும் வைத்துவிட்டேன்.

"எது வேணா வாங்குங்க. என் எடத்துலேர்ந்து பாத்தா பந்து தெரியணும்."

"பெரிய டிவி வந்தா பந்து இன்னாம்மா, பந்தோட தையலே தெரியும்" என்றார் மூத்தார்.

எங்கள் மகள் ஒரு தொழிற்சாலையில் சாமான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தள்ளுகிற வேலையில் இருக்கிறாள். அந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் டிவி பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குப் பாடம் நடந்தது.

முதலில் ப்ரொஜெக்டர். சுவரையே திரையாக்கி சினிமாக் கொட்டகை போல் பார்க்கலாம், ஆனால் கூடத்தை இருட்டாக்க வேண்டும் என்றாள். எங்கள் கூடத்துக் கூரையில் கண்ணாடி ஓடுகள் பதித்திருக்கின்றன. கூடத்தைத் தாண்டினால் தறி. அந்த ஓடுகள் வழியாக இறங்கும் வெளிச்சத்தில்தான் நெய்வது.

"இருட்டாக்கிட்டா நெய்யறது யாரு, உன் ப்ரொஜெக்டரா?" என்று கேட்டார் கணவர். ப்ரொஜெக்டர் அத்தோடு முடிந்தது.

அடுத்து ஓஎல்இடி. "இதுல பின்னால லைட்டே கிடையாதுப்பா. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும். கறுப்பு வேணும்னா அந்தப் புள்ளி அணைஞ்சிடும். அதனால சுத்தக் கறுப்பு. சைடுலேர்ந்து பாத்தாலும் கலர் மாறாது."

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். ஆனால் மூத்தார் கறுப்பிலேயே நின்றுவிட்டார். சாயப் பட்டறையில் கறுப்பு ஏற்றுவது எவ்வளவு கஷ்டம், அந்தக் காலத்தில் யார் ஏற்றிய கறுப்பு எப்படி நின்றது என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. திரும்பி வந்தபோது மகள் இன்னொன்றும் சொன்னாள். ஒரே படம் ரொம்ப நேரம் அசையாமல் நின்றால் ஓஎல்இடியில் அச்சு விழுந்துவிடுமாம். என் கணவர் காலையில் தறியில் உட்காரும்போது பக்திச் சேனலைப் போட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அந்தச் சேனலின் முத்திரை மூலையில் பச்சை குத்தினாற்போல் நின்றுவிடுமே என்று கவலைப்பட்டார். மகள் விலையைச் சொன்னாள். சொன்னதும் அந்த அச்சு விழுகிற குறை எங்கள் எல்லோருக்குமே இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது பின்னால் விளக்கு எரியும் டிவிகள். அதிலும் இரண்டு ஜாதி. ஒன்றில் கறுப்பு நன்றாக இருக்கும், நேரே பார்த்தால் நிறம் அள்ளிக்கொண்டு போகும், பக்கவாட்டில் போனால் மாறிவிடும். இன்னொன்றில் கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும், ஆனால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். "கடைக்குப் போனா மறக்காம சைடு ஆங்கிள் செக் பண்ணுங்கப்பா. அம்மா சைடுலதான் உக்காரும்" என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஷிஃப்ட். நாங்கள் மூன்று பேர் மட்டும் கிளம்பினோம்.

கிளம்பும்போது என் கணவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உள்ளே முந்தின நாள் தறியிலிருந்து அறுத்த புடவை. மயில் கழுத்து. பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நேரே பிடித்தால் பச்சை, சாய்த்தால் நீலம், கட்டிக்கொண்டு நடந்தால் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. எங்கள் ஊரில் எதையும் நிறம் பார்த்து வாங்குவதென்றால் கையில் சாம்பிள் இருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு நிறம் பார்க்கப் போனபோதும் அரக்குப் பட்டுநூல் ஒரு கண்ணி எடுத்துக்கொண்டு போனவர்தான் இவர்.

கடையில் எங்களைக் கவனிக்க வந்த பெண் பையிலிருந்து புடவை வெளியே வருவதைப் பார்த்ததும், "சார், சேல்ஸுக்கு வந்தீங்கன்னா மேனேஜர் மாடியில இருக்காரு" என்றாள்.

"டிவி வாங்க வந்தோம்மா" என்றார் கணவர், பட்டை உதறி விரித்தபடி.

சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி பறந்தது, ஒரே மாதுளம்பழம் மெதுவாக வெடித்தது. கணவர் கிளியை நிறுத்தச் சொன்னார். தன் போனில் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் எடுத்திருந்த இதே புடவையின் வீடியோவைப் போடச் சொன்னார். அந்தப் பெண் பொறுமைசாலி. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு டிவிகளில் அதைப் போட்டாள். கடைக்கு வந்திருந்த மற்றவர்களும் கிளியை விட்டுவிட்டு எங்கள் புடவையைப் பார்க்க வந்து நின்றார்கள். ஓர் அம்மாள் விலை கேட்டார்.

பிறகுதான் சைடு ஆங்கிள் பார்க்கிற படலம். அண்ணனும் தம்பியும் முதல் டிவிக்கு முன்னால் நின்றார்கள். மெல்ல இடப்பக்கம் நகர்ந்தார்கள், மெல்ல வலப்பக்கம் நகர்ந்தார்கள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. புடவையின் பச்சை பச்சையாகவே இருந்தது. இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாவது டிவிக்கு முன்னால் போனார்கள். அதில் புடவை நேரே பார்க்க நிஜமாகவே ஜொலித்தது. அந்தப் பெண் நேர்மையாகச் சொன்னாள்.

"சார், இது நேரா பாத்தா சூப்பரா இருக்கும். ஆனா சைடுல போனீங்கன்னா கலர் மாறும்."

"மாறுமா?" என்றார் மூத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அவருடைய மகள் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

நகர்ந்தார்கள். பச்சை மங்கியது, என்னவோ ஆயிற்று.

"மாறுது அண்ணே."

"மாறணும்டா. பட்டுன்னா சாய்ச்சா மாறணும். அந்த மொதல் டிவி அசையவே இல்ல பாத்தியா. எங்க நின்னாலும் ஒரே மாதிரி."

"அது பாலியெஸ்டர்" என்று தீர்ப்புச் சொன்னார் என் கணவர்.

அந்தப் பெண் விழித்தாள். இதைக் குறையென்று சொல்லிச் சொல்லிப் பழகியவள், இதற்காகச் சந்தோஷப்படுகிற ஆட்களை அன்றுதான் பார்த்திருப்பாள். எனக்கோ தலை சுற்றியது. ஏனென்றால் அவர்கள் சொன்னது பட்டுக்குச் சரி. நானும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள்தான். புடவையைச் சாய்த்துப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை.

"இது கட்டிக்கற பொருளாங்க? பாக்கற பொருள்" என்றேன். "இப்படி வந்து நில்லுங்க. நான் உக்கார்ற எடம் இப்படித்தான் இருக்கும். பாருங்க, வெளுத்துப் போவுது."

என் கணவர் வந்து நின்று பார்த்தார். "மாறுது" என்றார் பக்தியோடு.

"வெளுக்குதுங்க."

"அது கடை லைட்டும்மா. இவ்ளோ ட்யூப்லைட்டு போட்டா எதுதான் வெளுக்காது" என்றார் மூத்தார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "மேடம், வீட்ல நீங்க எங்க உக்காந்து பாப்பீங்க?" என்று கேட்டாள். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தார் பதில் சொல்லிவிட்டார்.

"எல்லாம் நேராத்தாம்மா உக்காருவோம்."

பில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் டிவியை மாட்ட ஒரு மெக்கானிக் வந்தான். "செவுத்தோட ஒட்டற ஸ்டாண்டா, மடக்கற ஸ்டாண்டாண்ணா? மடக்கறதுன்னா வெளிய இழுத்து எந்தப் பக்கம் வேணா திருப்பிக்கலாம்" என்றான். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, மடக்குவதே இருக்கட்டும் என்றேன்.

"திருப்பறதுக்கு அது இன்னா டேபிள் ஃபேனா? சாமி படம் மாதிரி நேரா, செவுத்தோட ஒட்டி இருக்கணும்" என்றார் கணவர். ஒட்டினார்கள். அவர் சாமி படம் என்று சொன்ன தோஷமோ என்னவோ, மூத்தார் திரையின் நெற்றியிலேயே குங்குமம் வைக்கப் போனார். மெக்கானிக் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சட்டத்தில் வைத்தோம்.

அந்த வாரமே மேட்ச் வந்தது. ராட்டையை ஓடவிட்டு, கழுத்தைத் திருப்பி, ஆவலோடு பார்த்தேன். மைதானம் முன்பைவிடப் பெரியதாக இருந்தது. முன்பைவிடப் பெரியதாக வெளுத்திருந்தது. ஆட்கள் எல்லோரும் திருநீற்றில் புரண்டு எழுந்தவர்கள் போல் நின்றார்கள். பந்து வீசினான், அடித்தான், அவ்வளவுதான். பந்து பரலோகம் போய்விட்டது.

"அருமையா இருக்குது" என்றார் கணவர் நடுவிலிருந்து.

"எனக்குப் பந்தே தெரியல."

"அங்க உக்காந்துக்கினு பாத்தா எப்படித் தெரியும்? நீ ஏன் அங்க போயி உக்கார்ற?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "நான் இங்க உக்காரலன்னா உங்க நாடாவுக்குத் தார் எங்கேர்ந்து வரும்?" என்றேன். ஒயர் இழுத்து ராட்டையை நடுவில் போடலாமே என்றார். அப்படி ஒரு முறை போட்டு, மூத்தார் அந்த ஒயரில் கால் மாட்டி, பிரம்பு நாற்காலியோடு சாஷ்டாங்கமாக விழுந்தது என் கணவருக்கு மறந்துவிட்டது. மூத்தாருக்கு மறக்கவில்லை. ஒயர் வேண்டவே வேண்டாம் என்றார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த மகள் என் மூலையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள்.

"ப்பா, சைடு ஆங்கிள் செக் பண்ணச் சொன்னேனே."

"பண்ணோமே. நல்லா மாறுச்சு."

அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க நான் சாம்பாரில் உப்பைக் குறைத்துப் போட்டேன். யாருக்கும் உறைக்கவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நல்லதாப் போச்சு என்று மூத்தார் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இனி இந்த ஆயுசுக்கு ஓடுகிறவர்களின் காலைப் பார்த்தே மேட்ச் பார்க்க வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். கருணைக்கிழங்கு நறுக்கும்போது அரிவாள்மனையில் ஆள்காட்டி விரலை ஆழமாக வெட்டிக்கொண்டேன். பெரிய கட்டு. பட்டுநூல் சொரசொரப்பான எதிலும் மாட்டிக்கொள்ளும், கட்டுப் போட்ட விரலை அதன் கிட்டேயே கொண்டுபோக முடியாது. தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது. வேறு வழியில்லாமல் என் கணவரே தார் சுற்ற வந்தார். நான் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முன்னாலிருந்து பார்க்க டிவி மிக நன்றாக இருந்தது. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னொன்றும் நடந்தது. சில வாரங்களுக்கு முன் உள்ளூர் கேபிள் சேனலிலிருந்து கேமராவோடு வந்து எங்கள் தெருவில் நெசவு பற்றிப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் தறியையும், அந்த மயில் கழுத்துப் புடவையையும் எடுத்தார்கள். அது அன்று சாயங்காலம் வரப்போகிறது. என் கணவர் போன் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஆனால் ராட்டையில் நூல் ஏறியிருந்தது.

"நாற்காலியில வந்து உக்காந்து பாருங்களேன்" என்றேன், எழுந்திருக்காமல்.

"இருக்கட்டும், இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்றார்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. கோபுரம் வந்தது, தெரு வந்தது, யாரோ பேசினார்கள். பிறகு எங்கள் வீடு. மூத்தார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"டேய், மயில் கழுத்து வருது பாரு. எப்படி ஜொலிக்குது."

"எங்க?" என்றார் என் கணவர் மூலையிலிருந்து.

"எங்கன்னா? டிவியிலதான். உன் புடவைதான். தகதகன்னு."

ராட்டைச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் கழுத்தை ஒட்டகம் போல் நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். புடவை திரை முழுக்க நின்றது. உடனே திரும்ப ஓடி என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுபடி எழுந்து வந்தார். மறுபடி போய் உட்கார்ந்தார். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறவர் போல் இருந்தது. அதற்குள் நிகழ்ச்சி வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

"இங்கேர்ந்து பாத்தா என் புடவை தோச்ச லுங்கி மாதிரி இருக்குது" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நீ இங்கேர்ந்துதான் பாக்கறியா?"

"வேற எங்கேர்ந்து பாப்பேன்?"

"எவ்ளோ நாளா?"

"தட்டை டிவி வந்த நாள்லேர்ந்து. அப்போ உங்க பொண்ணு பாவாடை கட்டிக்கினு இருந்தா."

"சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கோபம்தான் ஜாஸ்தி. கொஞ்சம் அழுகையும் இருந்தது, அதைக் கட்டுப் போட்ட விரல் வலிக்கிறது என்று சமாளித்தேன். "மாறுதுதானே? பட்டுன்னா மாறணுமே" என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தறியில் ஏதாவது தப்பு கண்டுவிட்டால் அப்படித்தான் வாயை இறுக்கிக்கொண்டு பார்ப்பார்.

"பட்டு மாறும். ஒரு கலர் போனா இன்னொரு கலர் வரும். இதுல ஒண்ணும் வரலியே. இது சாயம் போவுது."

சாயம் போகிறது என்பது எங்கள் ஊரில் ஒரு சரக்கைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான வார்த்தை. மூத்தார் நாற்காலியின் நுனியிலிருந்து மெல்லப் பின்னுக்குப் போனார். அந்த டிவியைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கும் பங்கு இருந்தது.

மறுநாள் காலை என் கணவர் தறியிலிருந்து பாதியில் எழுந்து வெளியே போனார். முகூர்த்தப் புடவையை வைத்துக்கொண்டு அவர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது அதே மெக்கானிக் கூட இருந்தான், கையில் மடக்குகிற ஸ்டாண்டு. டிவியைக் கழற்றி மாட்டினார்கள். என் கணவர் என் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இப்படித் திருப்பு. இன்னும். கீழ சாய்க்காதே. ஆங், அப்படியே நிறுத்து."

"அண்ணா, நடுவுல உக்கார்றவங்களுக்குச் சரியாத் தெரியாதுண்ணா" என்றான் மெக்கானிக்.

"தெரியாம இருக்கட்டும்" என்றார்.

என்னிடம் வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவர் வழக்கமும் இல்லை, கேட்டிருந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும். "பாரு, சரியா இருக்குதா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

சில நாளில் என் விரல் ஆறியது, நான் ராட்டைக்குத் திரும்பினேன். அன்று மேட்ச். மூத்தார் வழக்கம்போல வந்து பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னாடா, டிவி கெட்டுப்போச்சா? எல்லாம் வெளுத்துக்கினு இருக்குது."

என் கணவர் எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பட்டுக் கண்ணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"மாறுது அண்ணே. பட்டுன்னா மாறணும்" என்றார்.

மூத்தார் கொஞ்ச நேரம் கௌரவமாக அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "தள்ளும்மா கொஞ்சம்" என்று சமையலறை வாசற்படியில் போட்டு உட்கார்ந்தார். மகள் போனோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். கூடம் காலியாகக் கிடந்தது. குடும்பமே என் மூலையில் அடைந்து கிடந்தது. தார் சுற்ற எனக்கு முழங்கையை அசைக்க இடமில்லை.

கடைசி ஓவர் வந்தபோது உள்ளே குக்கர் விசிலடித்தது. மறுபடி அடித்தது. மூன்று பேரும் பழக்கத்தில் என்னைப் பார்த்தார்கள். வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மூத்தார். நான் அசையவில்லை. கடைசியில் அவரே முனகிக்கொண்டு எழுந்து போனார். எந்தப் பக்கம் திருப்பினால் அடுப்பு அணையும் என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டுக் கேட்டார். என் கணவர் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

அதற்குள் பந்து வீசியாகிவிட்டது. ஸ்டம்ப் எகிறியது. ரீப்ளே போட்டார்கள், மெதுவாக. பச்சைப் புல்லின் மேல் வெள்ளைப் பந்து சுழன்று சுழன்று வந்து, விழுந்து, உள்ளே திரும்பியது. தையல் தெரிந்தது.

"அவுட்டா?" என்று மூத்தார் உள்ளேயிருந்து கேட்டார்.

"அவுட்டு மாமா" என்று நான் சொன்னேன்.